வெள்ளையடிக்கும் முன் விடுதிகளைத் தட்டிப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பரீட்சை முடிந்ததும் பாளையங்கோட்டையிலும் சுற்றுவட்டாரத்திலும் கல்லூரி விடுதிகள் காலியாகும். பிள்ளைகள் பெட்டியைக் கட்டி ஊருக்குப் போன மறுவாரமே பெயிண்டர்கள் ஏணியோடு வந்துவிடுவார்கள். சுவரைச் சுரண்டி, விரிசலில் பட்டி பார்த்து, இரண்டு கை வண்ணம் அடித்தால், ஜூன் மாதம் புதிய மாணவர்களும் பெற்றோரும் வரும்போது கட்டடம் பளிச்சென்று நிற்கும். நாங்கள் கேட்பது ஒன்றுதான். அந்த வரிசையை மாற்றுங்கள். முதலில் ஆய்வு, அடுத்துப் பழுதுபார்ப்பு, கடைசியில்தான் வெள்ளையடிப்பு. ஐப்பசி, கார்த்திகை மழை எங்கே இறங்கியது, எந்தச் சுவர் எந்தப் பக்கம் பிளந்தது, எந்தக் கம்பி துருவேறியது என்பதெல்லாம் மே மாதம் வரை சுவரில் தெளிவாகத் தெரியும். அதை யாரும் பார்ப்பதற்கு முன்பே பட்டியும் பெயிண்டும் மூடிவிடுகின்றன.

2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலி நகரில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அதன் பிறகு மாநிலம் முழுவதும் பள்ளிக் கட்டடங்களை ஆய்வு செய்ய உத்தரவு போனது. அதே கண்ணோடு கல்லூரி விடுதிகளையும் பார்க்க வேண்டும். பள்ளியில் பிள்ளைகள் பகலில் ஏழெட்டு மணி நேரம் விழித்திருக்கிறார்கள். விடுதியிலோ தூங்குகிறார்கள். தூங்குகிறவர் தலைக்கு மேல் காரை பெயர்ந்தால் விலக நேரமிருக்காது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையையும் மறந்துவிடக் கூடாது. காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. கொட்டியது. அந்த மழையில் நனைந்து ஊறிய மாடிகளும் அடித்தளங்களும்தான் இன்றும் நம் தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் இருக்கின்றன.

ஆய்வை மொட்டை மாடியில் தொடங்க வேண்டும். பலரும் கீழ்த்தள வராந்தாவில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். நெல்லைப் பக்கம் மட்டப்பா என்று சொல்கிற அந்த மாடியில்தான் பாதி வியாதி. மழை விட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஏறிப் பாருங்கள். தண்ணீர் தேங்கி நிற்கும் இடத்தைச் சாக்கட்டியால் வளைத்துக் குறித்து, அதற்கு நேர் கீழே உள்ள அறையின் கூரையைப் போய்ப் பார்த்தால் பழுப்பு வளையம் தெரியும். வேப்பிலையும் துணி கிளிப்பும் பிளாஸ்டிக் உறையும் அடைத்த மழைநீர்க் குழாய்தான் பெரும்பாலும் குற்றவாளி. மணிக்கு 100 மி.மீ. மழை என்று கணக்கிட்டால் 4 அங்குலக் குழாய் ஒன்று ஏறக்குறைய 85 சதுர மீட்டர் மாடிக்குத்தான் தாங்கும். 300 சதுர மீட்டர் மாடியில் நான்கு குழாய் வைத்து, அதில் இரண்டு அடைத்துக் கிடந்தால், மிச்சத் தண்ணீர் கைப்பிடிச்சுவரும் தளமும் சேரும் மூலை வழியாகத்தான் இறங்கும்.

ஒழுகுகிறது என்றதும் பழைய தட்டோட்டின் மேலேயே இன்னொரு அடுக்கு செங்கல் ஜல்லிச் சுண்ணாம்பும் தட்டோடும் போட்டுவிடுவது நம் ஊர் வழக்கம். மூன்று அங்குல ஜல்லிச் சுண்ணாம்பு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 140 கிலோ, தட்டோடும் கலவையும் சேர்ந்து இன்னொரு 40 கிலோ. ஆள் ஏறிப் புழங்கும் மொட்டை மாடிக்கு, கட்டடச் சுமைகளுக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 875 இரண்டாம் பகுதி எடுத்துக்கொள்ளச் சொல்லும் சுமையே சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 150 கிலோதான். அதாவது, இரண்டாவது அடுக்கு போட்ட அன்றே மாடிக்கென்று ஒதுக்கிய தாங்குதிறன் முழுவதும் தீர்ந்துபோகிறது, ஆள் ஒருவர்கூட ஏறாமலே. பழையதைக் கொத்தி எடுத்துக் கீழே இறக்கிய பிறகுதான் புதியது போட வேண்டும். கொத்தியதை ஒரே மூலையில் மலையாகக் குவித்து வைப்பதும் கூடாது.

தண்ணீர்த் தொட்டி இதைவிட மோசம். 5,000 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி நிறைந்தால் 5 டன். அதன் அடிப்பரப்பு இரண்டரை சதுர மீட்டர் இருக்கலாம். அப்படியானால் சதுர மீட்டருக்கு 2,000 கிலோ, கணக்கில் உள்ளதைப் போல் 13 மடங்கு. மாணவர் எண்ணிக்கை கூடும்போதெல்லாம் ‘இன்னொரு தொட்டி வை’ என்று சிலாபின் நடுவில் தூக்கி வைத்த விடுதிகளை நாங்கள் எண்ணி முடியாது. தொட்டியின் எடை தூணுக்கு நேராகவோ, தூணிலிருந்து தூணுக்குப் போகும் பீமுக்கு நேராகவோ இறங்க வேண்டும். இதற்கு வேறு வழியே கிடையாது. நடு சிலாபில் இருக்கும் தொட்டியின் நீரை இன்றே பாதியளவுக்கு இறக்கி வைத்து, விடுமுறையில் தொட்டியை இடம் மாற்றுங்கள்.

மாடிக்கு அடுத்தது குளியலறை. விடுதியை உள்ளிருந்து அரிப்பது இதுதான். காலை ஐந்து மணி முதல் ஒன்பது மணி வரை ஒரு தளத்துக்கு ஐம்பது அறுபது பேர் குளிக்கிறார்கள். வீட்டுக் குளியலறையைப் போல அது காய்வதே இல்லை. குழாய்களைப் பதிக்க ஒரு அடி தாழ்த்திய சிலாபில் உடைந்த செங்கல் துண்டுகளையும் மண்ணையும் கொட்டி நிரப்பியிருப்பார்கள். அதுவே சதுர மீட்டருக்கு 500 கிலோவைத் தாண்டும். தரையில் கழிவுநீர் இறங்கும் நஹானி டிராப்பின் இணைப்பு லேசாக விட்டுப்போனால் அந்தச் செங்கல் குவியல் முழுவதும் குளமாக ஊறிக் கிடக்கும். அந்த நீர் சிலாபைத் துளைத்துக் கீழறைக் கூரையில் வெள்ளைச் சுண்ணாம்பு விழுதாகத் தொங்கும். கான்கிரீட்டிலிருக்கும் சுண்ணாம்புச் சத்து கரைந்து இறங்குகிறது என்று அதற்குப் பொருள்.

ஒழுக்கு எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்காமல் கூரையை மட்டும் பூசினால் ஆறே மாதத்தில் மறுபடி விழும். கண்டுபிடிப்பதும் கடினமில்லை. இரவு பகல் என்று பாராமல் சொட்டினால் விநியோகக் குழாயில் ஓட்டை. குளிக்கிற நேரத்திலும் அதை அடுத்தும் மட்டும் சொட்டினால் தரையோ கழிவுக் குழாயோ காரணம். பிறகு டிராப்பைத் துணிப்பந்தால் அடைத்து, தரையில் இரண்டு அங்குலம் தண்ணீர் நிறுத்தி, மட்டத்தைச் சுவரில் பென்சிலால் குறித்து 48 மணி நேரம் விட்டுவையுங்கள். மட்டம் இறங்கிக் கீழே ஈரம் கூடினால் தரை. மட்டம் இறங்காமலே கீழே ஈரம் இருந்தால் சுவருக்குள் போகும் குழாய். தரையென்றால் ஓடுகளுக்கு இடையே சிமெண்ட் பால் ஊற்றுவது வீண்வேலை. ஓடு, நிரப்பு எல்லாவற்றையும் சிலாப் வரை எடுத்து, கழுவிக் காயவிட்டு, தரையும் சுவரும் சேரும் மூலையைக் கலவையால் உருட்டி மூடி, நீர்த்தடுப்புப் பூச்சை தரை முழுவதும், சுவரில் ஒரு அடி உயரத்துக்கு, குளிக்கும் இடத்தில் ஆள் உயரத்துக்கு ஏற்ற வேண்டும். தாழ்ந்த சிலாபின் அடிமட்டத்திலேயே இரண்டாவது வடிகுழாய் ஒன்று வைப்பது அவசியம். மேலே என்ன கசிந்தாலும் அது வெளியேறிவிடும். வெளியே அந்தக் குழாயில் நீர் வந்தால் உள்ளே பழுது என்றும் தெரிந்துவிடும். நிரப்புவதற்கு முன் மறுபடியும் 48 மணி நேரம் நீர் நிறுத்திப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் இந்த இரண்டாவது சோதனையைத்தான் அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள்.

ஈரம் ஏன் இவ்வளவு பெரிய விஷயம்? நல்ல கான்கிரீட் காரத்தன்மை மிக்கது. அதன் பி.எச். 12.5-க்கு மேல் இருக்கும். அந்தக் காரத்துக்குள் இருக்கும் வரை கம்பி துருப்பிடிக்காது. காற்றிலுள்ள கரியமில வாயு ஆண்டுக்கணக்கில் உள்ளே நுழைந்து அந்தக் காரத்தைத் தின்றுகொண்டே வரும். பி.எச். 9-க்குக் கீழே இறங்கி அந்த எல்லை கம்பியைத் தொட்டதும், கூட ஈரமும் இருந்தால், துரு தொடங்கும். துரு, தான் தின்ற இரும்பைப் போல இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் கேட்கும். அந்த நெருக்கடியில்தான் கான்கிரீட் உப்பி, பிளந்து, பொருக்காக விழுகிறது. ராதாபுரம், திசையன்விளை, திருச்செந்தூர் பக்கம் கடற்காற்றும் உப்புக் கிணற்றுநீரும் சேர்ந்துகொள்ளும். உப்பு வந்துவிட்டால் காரம் இருந்தாலும் கம்பி அரிக்கும். கட்டும்போது கலவைக்கும் நீராற்றுவதற்கும் உவர்த் தண்ணீரையே ஊற்றியிருந்தால், கட்டடம் பிறந்தபோதே நோயோடு பிறந்திருக்கிறது.

இதைக் கண்டறிய முதல் கருவி 250 கிராம் சுத்தியல். ஒவ்வொரு அறைக்கூரையையும் அடிக்கு ஒரு இடமாகத் தட்டிக்கொண்டே போக வேண்டும். நல்ல இடம் ‘கணீர்’ என்னும். உள்ளே விட்டுப்போன இடம் ‘பொத்’ என்னும். பொத்தென்ற இடத்தைச் சுற்றிச் சாக்கட்டியால் கோடிட்டு, அறை எண்ணோடு படம் எடுத்துக்கொள்ளுங்கள். தலைக்கவசமும் கண்ணாடியும் இல்லாமல் இந்த வேலையைச் செய்ய வேண்டாம். தட்டுகிற இடத்துக்கு நேர் கீழே நிற்பதும் வேண்டாம். இதே வேலையை வெள்ளையடித்த பிறகு செய்தால் சாக்கட்டிக் கோடுகளைப் பார்த்துக் கல்லூரிச் செயலருக்குக் கோபம் வரும். அதனாலும்தான் முன்பே செய்யுங்கள் என்கிறோம்.

இரண்டாவது சோதனைக்கு வெளியே போகவே வேண்டாம். கல்லூரி வேதியியல் ஆய்வகத்திலேயே பினாப்தலீன் கரைசல் இருக்கும். பழுதான பீம் ஒன்றில் சின்னதாக உளியால் உடைத்து, தூசியைத் தட்டிவிட்டு, உடைந்த புதுப்பரப்பில் உடனே தெளித்தால், காரம் உள்ள இடம் அடர் இளஞ்சிவப்பாகும். காரம் போன இடம் நிறம் மாறாது. நிறமாறாத பட்டையின் ஆழத்தை அளவுகோலால் அளந்து, கம்பிக்கு மேலுள்ள கான்கிரீட் கனத்தோடு ஒப்பிடுங்கள். கனம் 20 மி.மீ., நிறமாறாதது 8 மி.மீ. என்றால் இன்னும் காலம் இருக்கிறது. 20-க்கு 22 என்றால், வெளியே விரிசல் தெரியாவிட்டாலும் கம்பி பாதுகாப்பை இழந்துவிட்டது. பழைய கட்டடங்களில் அந்தக் கனமே பல இடங்களில் 10 மி.மீ.தான் இருக்கும். கம்பியைப் பலகையிலிருந்து தூக்கி நிறுத்தும் கவர் பிளாக் வைக்காமல் சென்ட்ரிங் பலகை மேலேயே கம்பியைப் போட்டு ஓட்டிய காலத்தின் விளைவு அது.

இனி விரிசல்கள். எல்லா விரிசலும் ஆபத்தில்லை, எல்லாவற்றையும் ஒரே பட்டியால் அடைப்பதும் முறையில்லை. மேல்தள அறையில் சிலாபுக்கும் சுவருக்கும் நடுவே படுக்கைவசமாக ஓடும் விரிசல் பெரும்பாலும் கத்திரி வெயிலில் சிலாப் நீண்டு சுருங்குவதால் வருவது. கட்டடம் அதனால் விழாது. தண்ணீர் புகாமல் நெகிழும் பூச்சால் அடைத்தால் போதும். பீமின் நடுவில் அடியிலிருந்து நேராக எழும் மயிரிழை விரிசல் 0.3 மி.மீ.க்குள் இருந்தால் கவனித்து வரலாம். தூணின் மூலையோடு, கம்பிக்கு இணையாக மேலிருந்து கீழே இறங்கும் விரிசல் துருவின் அடையாளம். அதை இந்தக் கோடைக்குத் தள்ளலாம், அடுத்த கோடைக்குத் தள்ளக் கூடாது. பீம் தூணைச் சேரும் இடத்தில் 45 பாகை சாய்வாக ஒரு விரிசல் இருந்தாலோ, வேறு கதை. முன்னறிவிப்பே இல்லாமல் முறிகிற வகை அது. அந்த அறையையும் அதற்கு மேல், கீழ் அறைகளையும் அன்றைக்கே காலி செய்து முட்டுக் கொடுக்க வேண்டும்.

ஜன்னல் மூலையிலிருந்து செங்கல் வரிசையைப் பின்பற்றிப் படிப்படியாக ஏறும் விரிசல் அடித்தளத்தின் செய்தி. இதில் மண்ணைப் பார்க்காமல் பேச முடியாது. பாளையின் சரளிலும் பாறையிலும் நிற்கும் கட்டடத்துக்கு இது குறைவு. கோவில்பட்டி, சங்கரன்கோவில் பக்கக் கரிசல் மழையில் உப்பிக் கோடையில் பிளக்கும். அங்கே விரிசல் பருவத்துக்குப் பருவம் திறந்து மூடும். திசையன்விளைப் பக்கத்து மணற்பூமியில் ஒழுகுகிற வாருகால் (சாக்கடை) அடிமணலை அரித்து இழுத்துக்கொண்டு போகும். ஆற்றோர வயலைத் தூர்த்து எழுப்பிய கட்டடமோ ஒரு பக்கமாக அமிழும். கரிசலில் கட்டடத்தைச் சுற்றி மூன்றடி அகலத்துக்குச் சரிவான சிமெண்ட் தளம் போட்டு, மழைநீரையும் குளியல்நீரையும் சுவரோரம் தேங்கவிடாமல் செய்வதே பாதி வைத்தியம். விரிசல் உயிரோடு இருக்கிறதா, நின்றுவிட்டதா என்று அறிய அதன் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை ஒட்டித் தேதி எழுதி வையுங்கள். அசைந்தால் கண்ணாடி உடையும். சித்திரை வெயிலையும் ஐப்பசி மழையையும் பார்த்த பிறகுதான் முடிவு சொல்லலாம். உயிருள்ள விரிசலில் எபாக்சிப் பசை ஏற்றுவது பணத்தைப் பிளவுக்குள் ஊற்றுவதுதான். அது பக்கத்திலேயே இன்னொரு இடத்தில் பிளக்கும். ஆலும் அரசும் முளைத்த பிளவில் மேலே தெரியும் தண்டை ஒடிப்பதால் பயனில்லை. கல்லைப் பெயர்த்து வேரை எடுத்துவிட்டுத்தான் அடைக்க வேண்டும்.

கருவிகள் பற்றி ஒரு எச்சரிக்கை. கான்கிரீட்டில் மோதி எகிறும் அளவை எண்ணாகக் காட்டும் ரீபவுண்டு சுத்தியலை நாலு இடத்தில் அழுத்தி எண்ணைக் குறித்து ‘கட்டடம் உறுதி’ என்று எழுதிக் கொடுக்கும் வழக்கம் பெருகிவிட்டது. அது மேற்பரப்பின் கடினத்தை மட்டும் சொல்லும். அதைக் கொண்டு மதிப்பிடும் வலிமை 25 சதவீதம் வரை கூடக் குறைய இருக்கலாம். வேடிக்கை என்னவென்றால், காரம் போன பழைய கான்கிரீட்டின் மேல்தோல் இறுகிப்போவதால் எண் நல்லதாகவே வரும். பூச்சின் மேல் வைத்துச் சோதித்தால் அது பூச்சுக்குச் சான்று, பீமுக்கு அல்ல. அதோடு ஒலியலைச் சோதனையும் சேர வேண்டும். கான்கிரீட்டுக்குள் ஒலியலைக்கு நொடிக்கு 3.5 கி.மீ.க்கு மேல் வேகம் இருந்தால் நல்லது, 3 கி.மீ.க்குக் கீழ் இறங்கினால் சந்தேகம். சந்தேகம் வந்த இடத்தில் குறைந்தது மூன்று உருளை மாதிரிகளைத் துளைத்து எடுத்து நசுக்கிப் பார்க்க வேண்டும். மூன்றின் சராசரி வடிவமைப்பு வலிமையில் 85 சதவீதத்துக்குக் குறையாமலும், எந்த ஒன்றும் 75 சதவீதத்துக்குக் குறையாமலும் இருக்க வேண்டும் என்கிறது ஐ.எஸ். 456.

பழுதுபார்ப்புக்கு வருவோம். முதல் வேலை முட்டு. இரும்பு ஜாக்கிகளை மூன்று நான்கு அடிக்கு ஒன்றாக, அடியில் பலகை வைத்து நிறுத்த வேண்டும். இரண்டாம் தளத்துக் கூரைக்கு முட்டுக் கொடுத்தால் அதற்கு நேர் கீழே முதல் தளத்திலும், தரைத்தளத்திலும் கொடுத்தாக வேண்டும். இல்லாவிட்டால் மேல் சிலாபின் பாரம் முழுவதும் கீழ் சிலாபின் நடுவில் இறங்கும். ஜாக்கியைக் கைப்பிடியளவு இறுக்கினால் போதும். கம்பி போட்டுத் திருகித் தூக்கினால் சிலாப் மேல்பக்கமாகப் பிளக்கும்.

பிறகு பொத்தென்ற இடத்தை மட்டுமல்ல, துருவில்லாத கம்பி தெரியும் வரை கொத்திக்கொண்டே போய், அதற்கப்பாலும் இரண்டு அங்குலம் எடுக்க வேண்டும். கம்பியின் பின்புறம் விரல் நுழையும் இடைவெளி, அதாவது 20 மி.மீ., வேண்டும். கம்பியின் முன்பக்கத் துருவை மட்டும் தேய்த்துவிட்டுப் பூசினால் பின்பக்கத் துரு வேலையைத் தொடரும். விளிம்புகளை இயந்திரத்தால் 10 மி.மீ. ஆழத்துக்குச் செங்குத்தாக வெட்டுங்கள். சரிந்து மெலிந்த விளிம்பில் புதுக் கலவை ஒட்டாது. கம்பியைக் கம்பித்தூரிகையால் பளபளக்கத் தேய்த்து வெர்னியரால் அளக்க வேண்டும். 12 மி.மீ. கம்பி 10 மி.மீ. ஆகியிருந்தால் பார்வைக்கு இரண்டு மி.மீ.தான் போயிருக்கும். பரப்பளவில் 30 சதவீதம் போய்விட்டது. 8 மி.மீ. கம்பி 6 ஆகியிருந்தால் 44 சதவீதம். கால்பங்குக்கு மேல் போன இடத்தில் பக்கத்தில் புதுக்கம்பி சேர்க்க வேண்டும். இரு பக்கமும் நல்ல கம்பியோடு அது தழுவி நிற்கும் நீளம் கம்பி விட்டத்தைப் போல 50 மடங்கு வேண்டும். 10 மி.மீ. கம்பிக்கு அரை மீட்டர். கொத்தனாரிடம் ‘ஒரு சாண் போதும்’ என்று சொல்லிவிட்டு நகரும் மேற்பார்வையாளர்களால்தான் இந்த வேலை கெடுகிறது.

கம்பிக்கு அன்றைக்கே துத்தநாகப் பூச்சு. பழைய கான்கிரீட்டில் ஒட்டுப் பசை தடவி, அது பிசுபிசுப்பாக இருக்கும்போதே கலவையை அப்ப வேண்டும். பசை காய்ந்துவிட்டால் அது பிரிக்கும் தாளாகிவிடும். தடவாமல் விட்டதைவிட அது மோசம். கூரைக்கு பாலிமர் கலந்த கலவையை ஒரு சுற்றுக்கு 10 முதல் 20 மி.மீ. வரை மட்டும் ஏற்றுங்கள். ஒரே மூச்சில் இரண்டு அங்குலம் அப்பினால் தன் எடையிலேயே இறங்கி நடுவில் வெற்றிடம் விடும். தூணுக்குப் பலகை கட்டி நுண்ஜல்லி கலந்த மைக்ரோ கான்கிரீட் ஊற்றுவது நல்லது. வலிமை குறைந்த தூணைச் சுற்றிப் புதுக் கம்பியோடு உறை போட்டால் உறையின் கனம் 100 மி.மீ.க்குக் குறையக் கூடாது. அந்த உறை அடித்தளத்திலிருந்தே எழும்ப வேண்டும், தரையிலிருந்து அல்ல. ஒரே நேரத்தில் அடுத்தடுத்த இரண்டு தூண்களைக் கொத்தாதீர்கள். கூரைக்கு நீராற்றுவது சிரமம்தான். ஆனாலும் நனைந்த சாக்கைக் கட்டியோ, தெளிப்பானாலோ ஏழு நாள், இப்போது எங்கும் கிடைக்கும் சாம்பல் கலந்த சிமெண்டுக்கு பத்து நாள், ஈரம் காக்க வேண்டும்.

சிலாபும் தூணும்தான் ஆபத்து என்று நினைத்துச் சில்லறையாகத் தெரிபவற்றை விட்டுவிடுகிறோம். ஜன்னலுக்கு மேல் நீட்டிய சன்ஷேடில் கம்பி மேல்பக்கம் இருக்க வேண்டும். கான்கிரீட் போடும்போது சித்தாள்கள் மிதித்து அது அடிக்கு இறங்கியிருந்தால் அந்தச் சன்ஷேடு ஆயுள் முழுக்கத் தொங்கிக்கொண்டே இருக்கிறது. சுவரோடு சேரும் இடத்தில் மேல்பக்கம் விரிசல் இருந்தால் கீழே நடைபாதையை அடைத்துவிட்டு அதை வெட்டி எடுத்துவிடுங்கள். பூசிச் சரிசெய்யும் பொருள் அல்ல அது. குளிர்சாதனப் பெட்டியின் வெளிப்பகுதியை அதன்மேல் வைப்பதும், துணி காயப்போட மாணவர் இறங்குவதும் உடனே நிற்க வேண்டும். நாலரை அங்குலக் கனத்தில், இடையில் தூணில்லாமல் எழுப்பிய கைப்பிடிச்சுவரும், கழிப்பறை மறைப்புச் சுவரும், சுற்றுச்சுவரும் ஒரு கை தள்ளினால் அசைகின்றனவா என்று பாருங்கள். தூக்குக் குண்டு விட்டுப் பார்த்துச் சாய்வு இருந்தால் இடித்துவிட்டு, ஒன்பது அங்குலத்திலோ, பத்தடிக்கு ஒரு கான்கிரீட் தூணும் அடித்தளமும் வைத்தோ கட்டுவதுதான் மலிவு.

பழைய கட்டடங்களில் மின்கம்பிக்கும் குழாய்க்கும் சுவரைக் கீறுவதற்கும் கணக்கு உண்டு. பாரம் தாங்கும் சுவரில் செங்குத்துக் கீறல் கனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. படுக்கைக் கீறல் ஆறில் ஒரு பங்கை. ஒன்பது அங்குலச் சுவரில் அது ஒன்றரை அங்குலம்தான். மேல்தள அறையை அரிசிக் கிடங்காக்குவதும் வேண்டாம். விடுதி அறைக்கு எடுத்துக்கொள்ளும் சுமை சதுர மீட்டருக்கு 200 கிலோ. 50 கிலோ மூட்டைகளைப் பத்தாக அடுக்கினால் அந்த இடத்தில் 900 கிலோவைத் தாண்டும்.

பாளையில் நூறாண்டு கடந்த சுண்ணாம்புக் கட்டடங்கள் இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன. அவற்றுக்கு மேலே சொன்ன மருந்து பொருந்தாது. மர உத்திரங்கள் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட மச்சில் பார்க்க வேண்டியது உத்திரம் சுவருக்குள் நுழையும் முனை. அங்கேதான் ஓதமும் கரையானும். கூரான கம்பியால் குத்தினால் அரை அங்குலத்துக்கு மேல் மெத்தென்று இறங்கும் முனையைப் பக்கத்தில் இரும்புக் கோணம் வைத்துத் தாங்கலாம், உத்திரத்தையே மாற்றவும் செய்யலாம். சுண்ணாம்புச் சுவருக்குச் சிமெண்ட் பூச்சு பூசினால் உள்ளே ஏறும் ஓதம் வெளியேற வழியில்லாமல் செங்கல் உவர் பூத்துப் பொரிந்துபோகும். சுண்ணாம்புக்குச் சுண்ணாம்புதான். அதில் கை தேர்ந்த கொத்தனார்கள் இன்றும் இருக்கிறார்கள், தேடினால் கிடைப்பார்கள்.

கடைசியாக, சான்றிதழ். 1965-ஆம் ஆண்டின் தமிழ்நாடு பொதுக் கட்டடங்கள் உரிமச் சட்டப்படி உறுதித்தன்மைச் சான்று வாங்கிக் கோப்பில் வைக்கிறார்கள். ‘மேற்படி கட்டடம் உறுதியாக உள்ளது’ என்ற ஒற்றை வரித் தாளுக்கு நிர்வாகம் பணம் கொடுக்கக் கூடாது. எந்தத் தேதியில் எந்த அறைகள் திறந்து பார்க்கப்பட்டன, பூட்டியிருந்த அறை எது, பொத்தென்ற இடங்கள் எத்தனை சதுர அடி, கம்பி விட்டம் எவ்வளவு தேய்ந்திருக்கிறது, தொட்டிகள் எங்கே, படங்கள் எங்கே என்று அறை எண் வாரியாக இருந்தால்தான் அது அறிக்கை. பிறகு கட்டிய மேல்தளத்துக்கு மூல வரைபடத்தில் இடம் இருந்ததா என்பதற்கும் அதில் பதில் வேண்டும். இரண்டு மாடிக்குப் போட்ட அடித்தளத்தில் நான்காவது தளம் நிற்கிற கட்டடத்துக்கு வெறும் கண்ணால் பார்த்துச் சான்று தர எவராலும் முடியாது. அறிக்கையின் நகல் காப்பாளரிடம் இருக்கட்டும். விரிசலையும் ஒழுக்கையும் மாணவர்கள் எழுதிவைக்க வாசலில் ஒரு நோட்டும் இருக்கட்டும். அங்கே தங்குகிறவர்களுக்குத்தான் எந்த மூலை எப்போது சொட்டுகிறது என்று முதலில் தெரியும்.

கால அட்டவணை இறுக்கமானதுதான், ஆனால் முடியும். மே முதல் வாரம் தட்டிப் பார்த்தலும் நீர் நிறுத்தலும், இரண்டாம் வாரம் கருவிச் சோதனை, அதிலிருந்து நான்கு வாரம் முட்டு, கொத்தல், பூச்சு, நீராற்றல். ஜூன் மூன்றாம் வாரத்துக்கு முன் பெயிண்ட் வாளி மூடியைத் திறக்க வேண்டாம். வேலை முடியாத அறைகளைப் பூட்டுவது மட்டும் போதாது. அவற்றுக்கு நேர் கீழே உள்ள அறைகளையும் பூட்டிச் சாவியைப் பொறியாளரிடம் கொடுத்துவிடுங்கள். காப்பாளரிடம் இருந்தால், சேர்க்கை கூடும் நாளில் எப்படியும் திறந்துவிடுவார்கள்.

இப்படிக்கு,
கட்டடப் பராமரிப்பில் இருக்கும் பொறியாளர்கள், கொத்தனார்கள் சிலர்,
பாளையங்கோட்டை.